முகச் சவரம் பற்றிய நாலாம் விதி

இத்தால் தீவகத்து மக்கள் சகலருக்கும், கடல் கடந்து வாழும் அவர்தம் உறவுகளுக்கும், ஆடு, மாடு, கோழி முதலான ஏனைய சீவராசிகளுக்கும் அறியத்தருவது யாதெனில்: கரம்பொன்னுக்குத் தெற்கே, வைத்திலிங்கம் கல்லூரியின் பின்வளவில், ஈச்சம்பற்றை வெட்டித் துப்புரவாக்கிய தரையில், ஒழுக்கம் வந்து இறங்கிவிட்டது.

அது ரொறன்ரோவிலிருந்து கப்பலில் வந்தது. பெட்டியைப் பிரித்தபோது மேலே மட்டைகளும் தோல் கையுறைகளும் வெள்ளைப் பந்துகளும் இருந்தன. அடியில், பிளாஸ்ரிக் உறையிட்ட அட்டைகளாக, ஒழுக்கக் கோவை இருந்தது. பழைய மாணவர் சங்கத்தின் ரொறன்ரோக் கிளைத் தலைவர் திரு. கனகேந்திரம் அனுப்பியது. அவருடைய மகன் அமெரிக்காவில் ஒரு கல்லூரியில் பேஸ்போல் விளையாடப் போனபோது தகப்பனும் பார்க்கப் போனார். பெடியன்கள் கழுத்துப்பட்டி கட்டி, மயிர் ஒட்ட வெட்டி, ஒரு சொல் பேசாமல் வரிசையாகப் பஸ்ஸை விட்டு இறங்கியதைக் கண்டார். அங்கேயே அவருக்கு ஞானம் வந்துவிட்டது. மகன் அந்த அணியில் மூன்று கிழமை இருந்தான். பிறகு கணக்கியல் படிக்கப் போய்விட்டான். தகப்பனுக்குத்தான் அது விட்டுப்போகவில்லை.

வைத்திலிங்கம் கல்லூரி என்று இப்போதுதான் சொல்லவேண்டும். அண்மைக்காலம் வரை அது வித்தியாசாலை. வகுப்பறைக் கூரை அப்போதும் ஒழுகியது, இப்போதும் ஒழுகுகிறது. வாசல் வளைவு மட்டும் மாறியிருக்கிறது.

முதலாம் விதி: நேரத்துக்கு வருவது பிந்தி வருவதாகும். (ஊர்காவற்றுறை பஸ் இதை இன்னும் வாசிக்கவில்லை.) இரண்டாம் விதி: சேர்ட்டு எப்போதும் காற்சட்டைக்கு உள்ளே. மூன்றாம் விதி: ஆட்டத்தில் தோற்ற அணி பஸ்ஸில் சிரிக்கக்கூடாது. நாலாம் விதி: முகத்தில் மயிர் ஆகாது. இப்படியே போய், ஒன்பதாம் விதி பெற்றோரையும் பிடித்தது: எல்லைக் கோட்டுக்கு வெளியே நிற்கும் தாய் தகப்பன்மார் பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கூப்பிடலாகாது.

ஒன்பதாம் விதியை முதலில் மீறியவன் சிவகரன். நெல்லும் கொஞ்சம் புகையிலையும் செய்கிற மனிதன். அவனுடைய மகன் நிலக்ஷன்தான் அணியின் பந்தெறிபவன். அந்தக் கை கனடாவிலிருந்து வந்ததல்ல. பயிருக்குள் விழுகிற கட்டாக்காலி மாடுகளை விரட்டத் தகப்பனும் மகனுமாக வரம்பில் நின்று மண்ணாங்கட்டி எறிந்து எறிந்து வந்த கை அது. மாட்டின் கண்ணில் படக்கூடாது, பின்தொடையில் படவேண்டும், ஓடுகிற மாட்டுக்கு ஒரு ஆள் நீளம் முன்னே எறியவேண்டும். பேஸ்போல் வந்ததும் பெடியன் செய்ததெல்லாம் மாட்டை விட்டுவிட்டு எறிந்ததுதான்.

சிவகரன் ஒரு பயிற்சியையும் விடமாட்டான். வயலால் வந்த கோலத்தில், சைக்கிளைப் பிடித்தபடி நின்று, "டேய் தம்பி, மாடு வருது, மாடு," என்று கத்துவான். பந்து போய்க் கையுறைக்குள் வெடிக்கும். பயிற்றுநர் றெக்ஷன் சேர் ஒருநாள் வந்து ஒன்பதாம் விதியை வாசித்துக் காட்டினார்.

"நான் பேர் சொல்லேல்லையே சேர். மாட்டைத்தானே சொன்னனான்."

"அதுவும் கூடாதாம் அண்ணை."

"அப்ப வேலிக்கு வெளியாலை நிண்டு மணி அடிக்கலாமோ?"

ஒழுக்கக் கோவையில் சைக்கிள் மணி பற்றி ஒன்றும் இல்லை. அன்றிலிருந்து சிவகரன் வேலிக்கு வெளியே நின்று மணி அடித்தான். மகனுக்கு அது விளங்கும்.

மார்கழி வெள்ளம் வயலில் நின்றபோது சிவகரனுக்குக் காய்ச்சல் கண்டது. பனடோலைப் போட்டுக்கொண்டு இரண்டு நாள் வரம்பு கட்டினான். யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோனபோது எலிக்காய்ச்சல் என்றார்கள். சிறுநீரகம் நின்றுவிட்டது என்றார்கள். பிறகு பெட்டியில் கொண்டுவந்தார்கள்.

கனகேந்திரத்தார் செத்தவீட்டை ரொறன்ரோவில் இருந்து கைபேசியில் பார்த்தார். பார்த்ததோடு நில்லாமல் சந்தியில் பனர் ஒன்றும் கட்டுவித்தார். 'கண்ணீர் அஞ்சலி' என்று மேலே. நடுவில் கனகேந்திரம், கோட்டும் கழுத்துப்பட்டியும், ஆளுயரம். கீழ் மூலையில் அடையாள அட்டைப் படத்திலிருந்து எடுத்த சிவகரன், அஞ்சல் முத்திரை அளவு. 'என் உடன்பிறவாத் தம்பியே, உன் பிரிவால் உருகும் அண்ணன்' என்று எழுதி, அண்ணனின் பட்டங்கள் நாலு வரிக்கு ஓடின. அந்தப் பக்கத்தால் போன வெளியூர்க்காரர் சிலர், கனடாக்காரர்தான் செத்துப்போனார் என்று நினைத்துத் துக்கம் விசாரித்ததும் நடந்தது.

கொள்ளி வைக்கும்போது நிலக்ஷனுக்கு முகம் வழித்தார்கள். இனி முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி கழித்துக் கீரிமலையில்தான் கத்தி படவேண்டும். அதுவரைக்கும் துடக்கு, சாவுத் தீட்டு. தகப்பன் வழி ஆண்கள் எல்லாருக்கும் அப்படித்தான். பள்ளிக்கூடத்தில் இதை ஒருவரும் கேட்டதில்லை. துடக்குக்காரப் பிள்ளை தாடியோடு வகுப்பில் இருக்கும், சோதனை எழுதும், அதிபர் கண்டும் காணாமல் போவார். நிலக்ஷனுடைய தாடியும் தாடி என்று சொல்லத்தக்கதல்ல. நாடியில் ஒரு பற்றை, கன்னத்தில் ஆடு மேய்ந்து விட்டுப்போன மிச்சம்.

அந்த மிச்சத்தோடு பயிற்சிக்குப் போனவனை றெக்ஷன் சேர் கோட்டுக்கு வெளியே நிற்பாட்டினார்.

"நீர் வழிச்சுப்போட்டு வாரும். இல்லாட்டித் தியகமவுக்குப் பேர் அனுப்பேலாது."

தியகமவில்தான் அகில இலங்கைப் போட்டி. தேசிய இளையோர் அணிக்கு ஆள் எடுக்கிறவர்கள் அங்கே வந்து உட்கார்ந்திருப்பார்கள். நிலக்ஷனுக்கு இதுதான் கடைசி வருசம். போட்டி நடக்கிற கிழமையும் அந்தியேட்டிக் கிழமையும் ஒன்று. போட்டிதான் முந்தி.

றெக்ஷன் சேர் மனச்சாட்சி இல்லாத மனிதர் அல்ல. அவருடைய மனச்சாட்சிக்குச் சம்பளம் ரொறன்ரோவிலிருந்து வந்தது, அவ்வளவுதான். மறுநாள் வீட்டுக்கே வந்தார்.

சிவகரனின் மனைவி நிசாந்தினி வளவில் பனங்கிழங்குப் பாத்தி கிண்டிக்கொண்டிருந்தாள். செத்தவீடு என்று கிழங்கு காத்திருக்காது. விட்டால் குருத்து வந்து நார் விழுந்துவிடும். பக்கத்து வீட்டுச் சிவக்கொழுந்து குந்தியிருந்து, தோலை உரித்து, நடுவால் கிழித்து, காயவைத்து எடுக்கும் ஒடியலுக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். மழை விட்டிருந்தது. கடற்காற்றில் உப்பு ஈரம். குசினிக்குள் மீன் மச்சம் இல்லாத சட்டி, கத்தரிக்காயும் வாழைக்காயுமாக அலுத்துப்போய்க் கிடந்தது.

"அக்கா, குறை நினைக்காதேங்கோ," என்றார் றெக்ஷன். "நான் சொல்லேல்லை. றூல் சொல்லுது."

"றூல் எங்கை இருக்கு சேர்? நான் ஒருக்கா அதோடை கதைக்கவேணும்."

"கனடாவிலை அக்கா."

சிவக்கொழுந்து கத்தியை நிறுத்தாமல் கேட்டாள்: "ஏன் தம்பி, பெடியன் வகுப்பிலை இருக்கிறான், சோதினை எழுதுறான். பந்து மட்டும் எறியேலாதோ? பந்துக்கும் ஆசூசமோ?"

"மாஸ்க் போட்டுக்கொண்டு விளையாடட்டோ எண்டும் கேட்டுப் பாத்தனான். அது ஆறாம் றூலுக்கு எதிராம். சீருடையிலை இல்லாத சாமான்."

"தாடியும் சீருடையிலை இல்லாத சாமான்தான். வாங்கிப் போட்டதில்லை, தகப்பன் செத்து வந்தது," என்றாள் சிவக்கொழுந்து.

"நாங்கள் கிறிஸ்தவம் அக்கா. எங்கடை வேதத்திலை உப்பிடி முறை இல்லை. எனக்கு இதிலை சரி பிழை சொல்லத் தெரியாது."

"தெரியாட்டி வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்," என்றாள் நிசாந்தினி. குரல் உயரவில்லை. மண்வெட்டி மட்டும் இன்னொரு சாண் ஆழம் போனது. "தெரியாத விசயத்துக்கு ஒரு பிள்ளையைக் கோட்டுக்கு வெளியாலை நிப்பாட்டினியள். அவன் வந்து சோத்தை வைச்சுப்போட்டுப் படுத்திட்டான். அவருக்குப் போன் எடுங்கோ."

றெக்ஷன் எடுத்தார். அங்கே விடிந்துகொண்டிருந்தது. கைபேசியில் கனகேந்திரத்தாரின் முகம் எழும்பியது. வழித்துத் தேய்த்து, புதுப் பீங்கான் கோப்பை மாதிரி மினுங்கியது.

"பிள்ளை, முதலிலை என்ரை அனுதாபம். பனர் பாத்தனிரே?"

"பாத்தனான் அத்தான்."

"பெரிசாய் அடிக்கச் சொன்னனான்."

"ஓம். உங்கடை படம் பெரிசாய்த்தான் வந்திருக்கு."

"சிவகரன் எனக்கு ஆர்? சித்தப்பான்ரை மோன். கூடப்பிறந்த தம்பி மாதிரி. கேள்விப்பட்ட நேரம் தொட்டு எனக்கு ஒழுங்கான நித்திரை இல்லை."

"அப்ப அவற்றை பிள்ளையை விளையாட விடுங்கோ அத்தான்."

"அங்கைதான் நீர் பிழை விடுறீர். என்ரை தம்பியின்ரை பிள்ளை எண்டபடியாலைதான் விடக்கூடாது. நாளைக்குச் சனம் என்ன சொல்லும்? தலைவர் தன்ரை ஆக்களுக்கு ஒரு நீதி, மற்றவைக்கு ஒரு நீதி எண்டு சொல்லும். ஒழுக்கத்துக்கு உறவு தெரியாது பிள்ளை."

"உங்களுக்குத் தெரியுமோ?"

"என்ன?"

"இல்லை, முகம் நல்லாய் வழிச்சிருக்கிறியள். அதுதான்."

கனகேந்திரத்தாருக்கு அது பாராட்டாகப் பட்டது. "ஒவ்வொரு நாளும் விடியவே," என்றார். "இதெல்லாம் ஒரு பழக்கம். வாற கிழமை பவிலியன் திறக்க வாறன். நேரிலை கதைப்பம்."

றெக்ஷன் கைபேசியோடு போனதும் சிவக்கொழுந்து ஒரு கிழங்கை எடுத்து நுனியில் இருந்து அடிவரை ஒரே இழுப்பில் கிழித்தாள்.

"அண்ணனாம். அண்ணனுக்குத் துடக்கில்லையோ பிள்ளை?"

நிசாந்தினி மண்வெட்டியை நிலத்தில் குத்தி நிறுத்தினாள். கிண்டின குழிக்குள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் பின்னேரம் கிணற்றடியில் நிலக்ஷன் தகப்பனுடைய சவரக்கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். சவர்க்காரம் குழைத்திருந்தான். தாய் வாளியோடு வந்தவள் நின்றாள்.

"அப்பா இருந்தால் வழியடா எண்டுதான் சொல்லியிருப்பார் அம்மா."

"அப்பா இருந்தால் உனக்கு ஏன் தாடி?"

அவன் கத்தியை மற்றக் கைக்கு மாற்றினான்.

"தியகமவுக்குத் தானும் வாறனெண்டு சொன்னவர். சைக்கிளையும் ரெயினிலை ஏத்துவம், மணி வேணுமெண்டு சொன்னவர்."

நிசாந்தினி வாளியைக் கிணற்றுக்குள் விட்டாள். "நான் வழிக்கவேண்டாமெண்டு சொல்லமாட்டன். அது உன்ரை முகம், உன்ரை அப்பா. வழிக்கவேணும் போலை இருந்தால் வழி. அவை சொல்லினமெண்டு வழியாதை."

 அவன் சவர்க்காரத்தைக் கழுவி ஊற்றிவிட்டுக் கத்தியைத் துடைத்து மாடத்தில் வைத்தான்.

பவிலியன் என்பது நாலு தூணும் ஒரு தகரக் கூரையும். அதன் நெற்றியில் கனகேந்திரத்தாருடைய தகப்பன் தாயாரின் பெயர்கள், கூரையைவிடப் பெரிய எழுத்தில். திறப்பு விழாவுக்குக் கோயில் ஐயரைக் கொண்டுவந்திருந்தார்கள். நிறைகுடம், குத்துவிளக்கு, நாதஸ்வரத்துக்கு ஒரு ஒலிநாடா. வரிசையாக அணி, மழுமழுவென்ற முகங்களோடு. இப்போதுதான் உரித்துவைத்த முட்டைகள் மாதிரி இருந்தார்கள். நிலக்ஷனுக்கும் ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். பந்தெறியத் தகாத தாடி வாகனம் நிறுத்தத் தகும் என்று யாரோ கண்டுபிடித்து, ஒரு விசிலைக் கையில் கொடுத்து வாசலில் விட்டிருந்தார்கள். பெரியப்பாவின் வான் வந்தபோது அவன்தான் விசில் ஊதி இடம் காட்டினான். பெரியப்பா கண்ணாடியை இறக்கி, "ஆ, தம்பி, இன்னும் வழிக்கேல்லையோ?" என்று கேட்டுவிட்டு ஏற்றினார்.

கனகேந்திரத்தார் ஒலிவாங்கியைப் பிடித்தபடியே விளக்கடிக்கு வந்தார். பேசி முடிக்க மனம் வரவில்லை. ஒழுக்கம் இல்லாத இனம் என்று தொடங்கி எங்கெங்கோ போய், சிங்கப்பூரில் கொஞ்சம் நின்று, திரும்பி வந்தார். ஐயர் சூடத்தைக் கொளுத்திக் கைவிளக்கை நீட்டினார்.

அப்போது வேலிக்கு வெளியே சைக்கிள் மணி அடித்தது.

வரிசையில் நின்ற முட்டைகள் எல்லாம் ஒரேயடியாகத் திரும்பின. அந்த மணி அவர்களுக்குத் தெரியும். வாசலில் நின்றவனுக்கு விசில் வாயிலிருந்து விழுந்தது.

நிசாந்தினி வெள்ளைச் சீலையில், செத்தவனுடைய சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கரியரில் சிவக்கொழுந்து. கணவனைச் சாகக்கொடுத்தவள் மங்கள காரியத்தில் முகம் காட்டுவதாவது என்று முன்வரிசைச் சீலைகள் குசுகுசுத்தன.

"நான் உள்ளை வரேல்லை," என்றாள் நிசாந்தினி. "எனக்குத் துடக்கு. வேலிக்கு வெளியாலைதான் நிக்கிறன். ஐயாவுக்கு ஒரு சொல் சொல்லவேணும். விளக்குக் கொளுத்தப் போற அத்தானுக்கும் துடக்கு. அவற்றை தம்பிக்கு இன்னும் அந்தியேட்டி கழியேல்லை. சந்தியிலை எழுதிக் கட்டியிருக்கு."

ஐயர் அந்தச் சந்தியால் ஒவ்வொரு நாளும் மோட்டார்சைக்கிளில் போகிறவர். பனரை வாசித்தவர். கனடாவில் துடக்குக் காக்கிறார்களோ என்று கேட்க அவருக்கு இவ்வளவு நாளும் வாய் வரவில்லை. இப்போது வேறு ஒருத்தி கேட்டுவிட்டபடியால் கைவிளக்கைப் பின்னுக்கு இழுத்தார்.

"நெருங்கின சொந்தமோ? அப்பிடியெண்டால் நீங்கள் கொளுத்தக்கூடாது. அதிபர் கொளுத்தட்டும்."

அதிபர் ஒரு அடி முன்னுக்கு வந்தார். கனகேந்திரத்தார் அவரைப் பார்த்த பார்வையில் அந்த அடி திரும்பிப் போனது. விமானச் சீட்டுப் போட்டு, அவ்வளவு கடல் தாண்டி, தன் தகப்பன் தாயின் பெயருக்குக் கீழே நின்று, இன்னொருவன் விளக்குக் கொளுத்துவதைப் பார்க்க அவர் வரவில்லை.

"அது ஐயா," என்றார். ஒலிவாங்கி கையில் இருந்ததை மறந்துபோனார். "பனர் ஒரு மரியாதைக்குக் கட்டினது. எங்களுக்கும் அவைக்கும் நேரடியாய் ஒண்டுமில்லை. ஒரு ஊர். அவ்வளவுதான்."

ஒரு ஊர், அவ்வளவுதான் என்பதை நாலு ஒலிபெருக்கியும் எடுத்துச் சந்திக்கும், சந்திக்கு அப்பால் நெல் விளைந்து கிடந்த வயலுக்கும் சொல்லின. ஒரே வீட்டில் பிறந்த இரண்டு தகப்பன்மாரின் பிள்ளைகள் என்பது அங்கே கதிரையில் இருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. கதிரைகளும் ரொறன்ரோக் கிளையின் அன்பளிப்பு.

"சரி ஐயா," என்றாள் நிசாந்தினி, கனகேந்திரத்தாரைப் பார்த்து.

அத்தான் போய் ஐயா வந்ததை எல்லாரும் கேட்டார்கள்.

"அப்ப என்ரை மோன் உங்களுக்கு ஒருத்தருமில்லை. அவனை விளையாட விட்டால் தலைவர் தன்ரை ஆக்களுக்கு ஒரு நீதி எண்டு சனம் சொல்லாது. விடுங்கோ."

கனகேந்திரத்தார் சுற்றிப் பார்த்தார். யாரோ ஒரு பெடியன் சிரிப்பை அடக்கி இருமினான்.

"நாலாம் விதி எல்லாருக்கும் பொது, அம்மா," என்றார்.

தம்பி மனைவி பிள்ளையாகி, பிள்ளை அம்மாவாகிவிட்டாள். சொந்தம் என்றாலும் விளையாட ஏலாது, சொந்தமில்லை என்றாலும் விளையாட ஏலாது. இப்படி இரண்டு பக்கத்தாலும் வெட்டுகிற ஒன்றுக்குத்தான் அந்த அட்டைகளில் ஒழுக்கம் என்று பெயர் போட்டிருந்தது.

"விளக்கைக் கொளுத்துங்கோ ஐயா," என்றாள் நிசாந்தினி. "காத்து அடிக்குது." பிறகு வாசல் பக்கம் திரும்பினாள். "தம்பி, விசிலைக் குடுத்திட்டு வா."

நிலக்ஷன் விசிலைத் தன் சேர்ட்டில் துடைத்து றெக்ஷன் சேரிடம் கொடுத்தான். றெக்ஷன் சேர் வாங்கினார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். விளக்கடியிலிருந்து தலைவர் பார்த்துக்கொண்டிருந்தார். விசிலைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

சந்தியில் நிலக்ஷன் சைக்கிளைப் பிடித்துக்கொள்ள, நிசாந்தினி கரியரில் ஏறி, கிழங்கு கிழிக்கிற கத்தியால் பனர்க் கயிறுகளை அறுத்தாள். கனகேந்திரத்தார் முதலில் இடப்பக்கம் தலை சாய்ந்தார். பிறகு முழுவதுமாக மடிந்து ரோட்டில் விழுந்தார். சிவக்கொழுந்து அவரைப் பாய் மாதிரிச் சுருட்டிக் கமக்கட்டில் வைத்தாள்.

"நல்ல தடிப்பான சாமான் பிள்ளை. ஒடியல் காயப்போடலாம்."

"பொறுங்கோ அக்கா."

நிசாந்தினி விரித்து, கீழ் மூலையில் இருந்த சிறிய படத்தை மட்டும் வெட்டி எடுத்து நெஞ்சுக்குள் வைத்தாள். பிறகு சுருட்டிக் கொடுத்தாள்.

அணி தியகமவுக்குப் போனது. போட்டியன்று நிலக்ஷன் வரம்பில் நின்றான். நாளைக்கு அரிவி வெட்டு என்று இருந்த நெல்லுக்குள் இரண்டு மாடுகள் விழுந்தன. ஒன்று அன்றைக்கு நொண்டிக்கொண்டு மண்டைதீவுப் பக்கம் போனதாம், இன்னும் திரும்பவில்லை.

அந்தியேட்டி முடிந்த மறுநாள் றெக்ஷன் சேர் வந்தார். கீரிமலையில் வழித்த முகத்தோடு நிலக்ஷன் கிணற்றடியில் நின்றான். முற்றத்தில் பனர் விரிந்து கிடந்தது. கோட்டும் கழுத்துப்பட்டியும் ஒடியலுக்குக் கீழே. ஒரு கண் மட்டும் வெளியே தெரிந்தது. றெக்ஷன் அதை மிதிக்காமல் சுற்றி வந்தார்.

"தோத்துப்போனம் அக்கா. முதல் ஆட்டமே. எறிய ஆளில்லை."

"பஸ்ஸிலை சிரிச்சவங்களோ?" என்று சிவக்கொழுந்து கேட்டாள்.

"இல்லை."

"அப்ப ஒழுக்கமாய்த்தான் தோத்திருக்கிறியள்."

றெக்ஷன் போகவில்லை. குந்தியிருந்து, காய்ந்த ஒடியல் ஒன்றைத் திருப்பிப் போட்டார். நிசாந்தினி ஈரக் கிழங்கைப் பரப்பிக்கொண்டிருந்தாள். இன்னும் ஏதோ இருக்கிறது என்று அவளுக்கு விளங்கியது.

"சொல்லுங்கோ சேர். என்ன?"

"ஆட்டம் தொடங்க முதல் நடுவர் எங்கடை பெடியளைக் கூப்பிட்டுக் கை குடுத்தவர். நல்ல மனுசன். ஒழுங்கான பெடியள் எண்டு சொன்னவர்." றெக்ஷன் எழும்பிக் காற்சட்டையைத் தட்டினார்.

நடுவருக்குத் தாடி இருந்தது.